தண்ணீர் ஏற்றிய தோணிகள்: பவுலடியாரின் கடல்வழியும் நம் முத்துக்குளித்துறையும்

பாஸ்கா காலத்தின் ஏழாம் வாரம், செவ்வாய்க்கிழமைத் திருப்பலியில், திருத்தூதர் பவுல் மிலேத்துத் துறையில் எபேசு நகர மூப்பர்களிடம் விடைபெறும் பகுதியை வாசிக்கக் கேட்கிறோம் (திப 20:17-27). உள்ளத்தைத் தொடும் பகுதி அது. ஆனால் அதற்குச் சற்று முன்னால் உள்ள நான்கு வசனங்கள் (திப 20:13-16) அந்த நாள்களின் திருப்பலி வாசகங்களில் இடம்பெறுவதில்லை. அவற்றில் போதனை இல்லை, புதுமை இல்லை. ஒரு கப்பல் எந்த நாளில் எந்த ஊரைக் கடந்தது என்ற விவரம் மட்டுமே இருக்கிறது.

உள்நாட்டில் வாழ்வோர் அந்த நான்கு வசனங்களைப் படிக்காமலே கடந்து செல்லலாம். ஆனால் முத்துக்குளித்துறை மக்களாகிய நமக்கு அவை அந்நியமானவை அல்ல. கரையை ஒட்டியே பயணம், இடையிடையே தீவுகள், இரவானால் ஒரு துறையில் தங்கல், காற்றுக்காகக் காத்திருத்தல் என்று நம் தாத்தாக்கள் தோணியில் சென்ற முறையும் இதுதான். எனவே இந்தக் கட்டுரையில் அந்தக் கடல்வழியையும் நம் கடல்வழியையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

பவுலடியார் சென்ற வழி

திருத்தூதர் பவுல் தம் மூன்றாம் நற்செய்திப் பயணத்தை முடித்துக்கொண்டு எருசலேமுக்குத் திரும்பும் வழி இது. காலம் ஏறக்குறைய கி.பி. 57 அல்லது 58. புளிப்பற்ற அப்ப விழா முடிந்தபின் புறப்பட்டவர், பெந்தக்கோஸ்து நாளுக்குள் எருசலேம் சேர விரும்பினார். ஆகவே இது வசந்தகாலப் பயணம்.

துரோவா என்னும் துறைமுகத்தில் தோழர்கள் கப்பல் ஏறினர். பவுல் மட்டும் ஏறவில்லை. அவர் தரைவழியாக நடந்து அசோ என்னும் ஊருக்கு வந்து, அங்கே கப்பலில் சேர்ந்துகொண்டார். பின்பு மித்திலேன். மறுநாள் கீயுத் தீவுக்கு எதிரே. அதற்கு மறுநாள் சாமுத் தீவு. அதற்கும் மறுநாள் மிலேத்து. மூப்பர்களிடம் விடைபெற்ற பின் கோசுத் தீவு, உரோதுத் தீவு, அடுத்து பத்தரா (திப 21:1). பத்தராவில் வேறு கப்பலுக்கு மாறி, சைப்பிரசைத் தொலைவில் கண்டவாறு தீர் நகரை அடைந்தார்.

இன்றைய நிலப்படத்தில் துரோவா, அசோ, மிலேத்து, பத்தரா ஆகியவை துருக்கி நாட்டுக் கரையில் உள்ளன. மித்திலேன் இருக்கும் லெஸ்போஸ் தீவும், கீயு, சாமு, கோசு, உரோது ஆகிய தீவுகளும் கிரேக்க நாட்டைச் சேர்ந்தவை. சாமுத் தீவுக்கும் துருக்கிக் கரைக்கும் இடையே மிகக் குறுகலான இடத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரமே உள்ளது. ஒரு கரையில் மணி அடித்தால் மறு கரையில் கேட்கும் என்று சொல்லத்தக்க நெருக்கம்.

கப்பல் ஏன் நாளுக்கு ஒரு துறையாகச் சென்றது? அந்தக் கடலில் பயணத்துக்கு ஏற்ற மாதங்களில் பெரும்பாலும் வடக்கிலிருந்து காற்று வீசும், மாலையில் தணியும், விடியுமுன் மீண்டும் எழும். ஆகவே விடியலில் பாய் விரித்து, காற்று விழும் முன் ஒரு துறையில் ஒதுங்குவார்கள் என்பது விவிலிய அறிஞர்கள் தரும் விளக்கம். தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே பாறைகள் உண்டு; இருட்டில் ஓட்டுவது ஆபத்து. அவசரமாகச் செல்ல வேண்டியவர்தான் பவுல். நேரம் வீணாகக் கூடாது என்று எபேசில் இறங்காமல் கடந்து சென்றார். ஆனால் அவரும் காற்றுக்குக் கட்டுப்பட்டே சென்றார்.

நம் கரை, நம் தீவுகள்

முத்துக்குளித்துறை என்பது பொதுவாக வேம்பாரிலிருந்து கன்னியாகுமரி வரையிலான கரை. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகியவற்றை நம் முன்னோர் ஏழூர் என்று வழங்கினர். அவற்றுக்கு இடையே கொம்புத்துறை, ஆலந்தலை போன்ற சிற்றூர்கள். மணப்பாட்டுக்குத் தெற்கே பெரியதாழை, உவரி, கூடுதாழை போன்ற ஊர்கள். தோணியில் செல்பவருக்கு இந்த ஊர்களின் கோவில்களே அடையாளம். மணப்பாட்டு மணல்மேட்டின் மீதுள்ள திருச்சிலுவைக் கோவில் கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரியும். 1540ஆம் ஆண்டில் புயலில் சிக்கித் தப்பிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் முறிந்த பாய்மரத்திலிருந்து செய்யப்பட்ட சிலுவை அங்கே நடப்பட்டது என்பது மணப்பாட்டு மக்கள் போற்றும் மரபு.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. தூத்துக்குடிப் பகுதியில் நான்கு, வேம்பார்ப் பகுதியில் மூன்று, கீழக்கரைப் பகுதியில் ஏழு, மண்டபம் பகுதியில் ஏழு. தூத்துக்குடிப் பகுதியில் உள்ளவை வான்தீவு, காசுவாரித் தீவு, காரைச்சல்லித் தீவு, விலாங்குச்சல்லித் தீவு. இவற்றுள் விலாங்குச்சல்லி இப்போது கடலுக்குள் மூழ்கிவிட்டது. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும், அலை அரிப்பும் இதற்குக் காரணம். பவளப்பாறை தீவுக்கு மதில் போன்றது. மதிலை இடித்தபின் வீடு எத்தனை நாள் நிற்கும்? அரிப்பால் சுருங்கிய வான்தீவைக் காக்க 2015 முதல் அதைச் சுற்றிக் கடலுக்கடியில் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன.

வேம்பார்ப் பகுதித் தீவுகளின் பெயர்களைக் கவனியுங்கள்: ஒன்று உப்புத்தண்ணித் தீவு, மற்றொன்று நல்லதண்ணித் தீவு. பெயர் வைத்தவர்கள் புலவர்கள் அல்லர், கடலோடிகள். ஒரு தீவைப் பற்றி அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, ‘அங்கே குடிக்கத் தண்ணீர் உண்டா?’ என்பதுதான். இதை மனத்தில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் பிற்பகுதியில் இந்தக் கேள்வி மீண்டும் வரும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே இப்படித் தீவு வரிசை கிடையாது. மணப்பாட்டு முனை தவிர, காற்றுக்கு ஒதுங்க இடம் குறைவு. கன்னியாகுமரியை நெருங்கும்போது கடலில் பாறைகள் தலைகாட்டும்.

காற்றின் கணக்கு

நம் கடலில் பயணத்தைத் தீர்மானிப்பவை மூன்று காற்றுகள். ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வருவது கச்சான். அக்டோபருக்குப் பின் வடகிழக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இவை தவிர, நாள்தோறும் மாறும் காற்று உண்டு. இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும். விடியுமுன் அதில் பாய் விரித்து வெளியே செல்வார்கள். பகலில் தரை சூடாவதால் கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று திரும்பும். அதில் வீடு வந்து சேர்வார்கள். பவுலின் கப்பல் நாளுக்கு ஒரு துறையாகச் சென்றதை நம் மீனவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாய்த்தோணிக் காலத்தில் கச்சான் பலமாக வீசும்போது தெற்கு நோக்கிச் செல்வது மிகக் கடினம். மணப்பாட்டிலிருந்து கன்னியாகுமரி தென்மேற்கே இருக்கிறது. கச்சான் வருவதும் அதே திசையிலிருந்து. முகத்துக்கு நேரே காற்று. துடுப்புப் போட்டும் தோணி முன்னேறாது.

தோணியும் துறைமுகமும்

‘தோணி’ என்ற சொல் தூத்துக்குடியில் சிறு படகைக் குறிப்பதில்லை. 200, 300 டன் சரக்கு ஏற்றிச் செல்லும் பெரிய மரக்கலத்தையே தோணி என்கிறோம். அதை நடத்துபவர் தண்டல். பழைய துறைமுகத்தில் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில மைல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைக் கொண்டு சென்றவை தோணிகள்தாம். 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாகச் செயல்படத் தொடங்கியபின் கப்பல்கள் நேராக மேடைக்கே வந்தன. தோணிகள் கொழும்புக்கும், மாலத்தீவுக்கும், இலட்சத்தீவுக்கும் சரக்குக் கொண்டு சென்றன. முதலில் பாயின் பலத்தில் மட்டுமே ஓடியவற்றில் பிற்காலத்தில் இன்ஜின் பொருத்தப்பட்டது.

ஆட்கள் சென்ற கப்பல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுமார் 150 கடல் மைல். வெள்ளையர் கப்பல் நிறுவனத்துக்குப் போட்டியாக வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும், ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்கள் இதே வழியில் ஓடியதும் நாம் அறிந்தவை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விடப்பட்டபின் பயணிகள் பலர் அந்தக் குறுகிய வழிக்கு மாறினர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 2011 ஜூன் மாதம் தூத்துக்குடி - கொழும்பு இடையே ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்னும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை வழியில் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது.

மண் மூடிய துறைகள்

பவுல் கண்ணீரோடு விடைபெற்ற மிலேத்துத் துறைமுகம் இன்று இல்லை. மெயாந்தர் ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தை மூடிவிட்டது. அந்த நகரின் இடிபாடுகளில் நின்று பார்த்தால் வயல்தான் தெரியும். கடல் பல கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. பத்தராவும் மணல் மூடிய துறையே.

நமக்கும் ஒரு மிலேத்து உண்டு. அதுதான் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கி, கிரேக்க, உரோமை எழுத்தாளர்களின் குறிப்புகளில் இடம்பெற்ற ஊர். தாமிரபரணி கொண்டுவந்த மண்ணால் கடல் விலகியது. கொற்கையின் இடத்தைப் பழையகாயல் பிடித்தது. அதுவும் தூர்ந்தபின் ஆற்றின் முகத்துவாரத்தில் புன்னைக்காயல் எழுந்தது. இன்று கொற்கை கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூர். 2021இல் அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது.

துறைகள் அழிகின்றன, ஆனால் அந்தத் துறையில் மனிதர் ஒருவருக்கொருவர் செய்தது நினைவில் நிற்கிறது. மிலேத்துவின் கப்பல் மேடை எங்கே இருந்தது என்று நம்மில் யாருக்கும் தெரியாது. அங்கே மக்கள் பவுலைக் கட்டித் தழுவி அழுதது எல்லாருக்கும் தெரியும்.

1544: இரண்டு கடற்பயணங்கள்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபரில் நம் கரைக்கு வந்தார். ஊர் ஊராகப் பெரும்பாலும் நடந்தே சென்றார். அவர் தோணியில் சென்ற, தோணிகளை அனுப்பிய இரண்டு நிகழ்ச்சிகள் 1544இல் அவர் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் காணப்படுகின்றன.

முதலாவது, ஜூன் மாதம் நடந்தது. கன்னியாகுமரிப் பகுதிக் கடற்கரை ஊர்களைப் படையினர் தாக்கிச் சூறையாடினர். கடிதங்கள் அவர்களை வடுகர் என்கின்றன. மக்கள் உயிருக்குப் பயந்து கடலில் உள்ள பாறைகளின் மேல் ஏறிக்கொண்டனர். அங்கே பசியாலும் தாகத்தாலும் வாடினர். செய்தி சவேரியாருக்கு எட்டியது. சவேரியார் 20 தோணிகளைத் திரட்டிக்கொண்டு அன்றிரவே புறப்பட்டார்.

ஆனால் அது கச்சான் காலம். காற்று முகத்துக்கு நேரே அடித்தது. நாள்கணக்கில் கடலில் போராடியும் தோணிகளால் குமரிமுனையை அடைய முடியவில்லை, திரும்ப நேர்ந்தது. சவேரியார் அத்துடன் நின்றுவிடவில்லை. பின்பு தரைவழியாக நடந்தே அந்த மக்களிடம் சென்றார். வழியெங்கும் சூறையாடப்பட்டுத் தப்பி வந்தவர்களைக் கண்டார். உண்ண உணவும் உடுக்க உடையும் இல்லாத அவர்களுக்கு உதவுமாறு மற்ற ஊர்களின் தலைவர்களாகிய பட்டங்கட்டிகளைக் கேட்டுக்கொண்டார்.

தோற்றுப்போன அந்தக் கடற்பயணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. புனிதர்களின் வரலாற்றில் புதுமைகளையே தேடுகிறோம். கடலில் காற்றை அடக்கினார் என்றால் மகிழ்வோம். ஆனால் இங்கே காற்று அடங்கவில்லை. புனிதரும் கரைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பியவர் நடக்கத் தொடங்கினார். துரோவாவிலிருந்து அசோவுக்கு நடந்த பவுலைப் போலவே, இவருக்கும் கடல்வழி ஒரு வழி மட்டுமே. சேர வேண்டிய இடம் மனிதர்.

இரண்டாவது நிகழ்ச்சி அதே ஆண்டு செப்டம்பரில். இம்முறை தாக்கப்பட்டது தூத்துக்குடி. அங்கிருந்த போர்த்துக்கீசியத் தலைவர் கோஸ்மே தெ பைவாவின் கப்பலும் வீடுகளும் எரிக்கப்பட்டன. அவரும் மக்களும் தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகளுக்குத் தப்பி ஓடினர். தீவுகளில் உணவு இல்லை; குடிநீர் இல்லை. அப்போது ஆலந்தலையில் இருந்த சவேரியார், புன்னைக்காயலில் இருந்த மன்சிலாசுக்கு அவசரமாக எழுதினார்: கிடைக்கும் தோணிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, உணவும் முக்கியமாகத் தண்ணீரும் ஏற்றி, உடனே தீவுகளுக்குச் செல்லுங்கள் என்பதே அதன் சாரம். பட்டங்கட்டிகளும் தோணி தந்து உதவும்படி எழுதினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் போர்த்துக்கீசியத் தலைவரின் நடத்தையால் மனம் மிகவும் நொந்திருந்தவர் சவேரியார். அவர் மக்களுக்குச் செய்த கொடுமைகளைத் தம் கடிதங்களில் கண்டித்தவர். ஆனால் அந்த மனிதர் தாகத்தோடு ஒரு தீவில் நின்றபோது, பழைய கணக்கைப் பார்க்கவில்லை. முதலில் தண்ணீர் போகட்டும் என்றார். தாகம் கொண்டவரிடம் தகுதி கேட்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அந்தத் தோணிகளை ஓட்டியவர்களின் பெயர்கள் கடிதத்தில் இல்லை. அவர்கள் புன்னைக்காயலையும் கொம்புத்துறையையும் சேர்ந்த நம் மூதாதையர். அவர்கள் குடங்களில் தண்ணீர் நிறைத்து, படையினர் நடமாடும் கரையைக் கடந்து சென்றவர்கள்.

தஞ்சம் தரும் தீவு

ஆபத்து வந்தபோது கடலோர மக்கள் தீவுகளுக்கு ஓடியது அத்தோடு முடியவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆட்சியாளரின் தொல்லை தாங்காமல் தூத்துக்குடி மக்கள் அருகிலுள்ள தீவில் குடியேறிச் சில ஆண்டுகள் வாழ்ந்தனர்.

நம் காலத்திலும் இதைக் கண்டோம். 1983க்குப் பின் இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில், தமிழர் பல்லாயிரம் பேர் படகுகளில் இராமேசுவரம் கரைக்கு வந்தனர். பலரை இரவில் தனுஷ்கோடிக்கு அருகே மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் படகுகள் திரும்பிவிடும். விடியும்வரை, சில நேரம் அதற்கு மேலும், குழந்தைகளோடு தண்ணீரின்றி அங்கே காத்திருப்பர். 2022இல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டபோதும் சிலர் இவ்வாறே வந்து திட்டுகளில் நின்றனர். கரைக்கு அழைத்து வரப்பட்ட அவர்கள் முதலில் கேட்டது என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பவுல் கடந்து சென்ற அதே தீவுகளும் இதே காட்சியைக் கண்டன. 2015இல் மட்டும் எட்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள், சிரியா போன்ற நாடுகளின் போரிலிருந்து தப்பி, துருக்கிக் கரையிலிருந்து சிறு ரப்பர் படகுகளில் ஏறி லெஸ்போஸ், கீயு, சாமு, கோசு முதலிய கிரேக்கத் தீவுகளுக்கு வந்தனர். பலர் வழியிலேயே மூழ்கினர். செப்டம்பர் 2ஆம் நாள் கோசுத் தீவுக்குச் செல்ல முயன்ற படகு கவிழ்ந்து, ஒரு சிறுவனின் உடல் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய படம் உலகையே உலுக்கியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016 ஏப்ரலிலும் 2021 டிசம்பரிலும் லெஸ்போஸ் தீவுக்கு நேரில் சென்று அகதிகளைச் சந்தித்தார். விவிலியத்தில் மித்திலேன் என்று நாம் படிக்கும் நகர் அந்தத் தீவில்தான் இருக்கிறது.

பவுலும் ஒருமுறை கரை ஒதுங்கியவரே. கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது எதிர்க்காற்றில் கப்பல் மெல்ல ஊர்ந்தது (திப 27:4-8). பிறகு புயலில் சிக்கி, கப்பலில் இருந்த 276 பேரும் மால்டா தீவில் கரையேறினர். மழையும் குளிரும் வாட்டிய அந்த வேளையில், தீவு மக்கள் தீ மூட்டி அனைவரையும் அன்போடு வரவேற்றனர் (திப 28:2). அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். வந்தவர் யார் என்றும் அவர்களுக்குத் தெரியாது.

இன்று செல்ல விரும்புவோருக்கு

நம் கரை ஊர்களுக்கெல்லாம் சாலை வந்துவிட்டதால், ஊரிலிருந்து ஊருக்குத் தோணியில் செல்லும் வழக்கம் மறைந்துவிட்டது. எனினும் இந்தக் கடல்வழியைத் தெரிந்துகொள்ள விரும்புவோர் சிலவற்றை நினைவில் கொள்ளலாம்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறையின் அனுமதியின்றித் தீவுகளில் இறங்கக் கூடாது. பவளப்பாறை, கடற்குதிரை, கடல் அட்டை முதலியவற்றை எடுப்பது குற்றம். ஒரு சிறு பவளத் துண்டைக்கூட நினைவுப் பொருளாகக் கொண்டுவராதீர்கள்.

தூத்துக்குடியில் மக்கள் வழக்கமாகச் செல்லும் முயல்தீவு துறைமுகத்தை ஒட்டி உள்ளது. 21 தீவுகளின் பட்டியலில் மண்டபம் பகுதியில் உள்ள முயல்தீவு வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எந்தப் படகில் ஏறினாலும் உயிர்காப்புச் சட்டை அணியுங்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றும் படகில் ஏறாதீர்கள். ‘இன்று காற்று சரியில்லை’ என்று மீனவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். புனித சவேரியாரே காற்றைக் கண்டு திரும்பியிருக்கிறார்.

கடலில் செல்ல இயலாதவர்கள் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை கரை வழியாகவே ஒரு திருப்பயணம் மேற்கொள்ளலாம். பனிமய அன்னை பேராலயம், புன்னைக்காயல், ஆலந்தலை, மணப்பாட்டுக் குகை ஆகியவற்றைக் காணலாம். புன்னைக்காயல் ஆற்றுமுகத்தில் சற்று நின்று, 1544இல் தண்ணீர்க் குடங்களோடு தோணிகள் புறப்பட்டது இங்கிருந்துதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நிறைவாக

அன்புக்குரியவர்களே, கடற்பயணம் என்றால் நமக்கு இன்று சுற்றுலா நினைவுக்கு வருகிறது. நீலக்கடல், தீவு, மாலைச் சூரியன். அதில் தவறில்லை; கடவுள் படைத்த அழகு அது. ஆனால் அதே நீலக்கடல் வேறொருவருக்குத் தப்பி ஓடும் வழி. நாம் படம் எடுக்கும் அதே தீவு வேறொருவருக்குத் தண்ணீர் இல்லாத தஞ்சம். துருக்கிக் கரையிலும் அப்படித்தான்; தூத்துக்குடிக் கரையிலும் அப்படித்தான்.

நம் முன்னோர் தீவுகளுக்குப் பெயர் வைத்தபோது நல்ல தண்ணீர் எங்கே, உப்புத் தண்ணீர் எங்கே என்று குறித்து வைத்தார்கள். பின்னால் வருபவர் தாகத்தால் வாடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. இன்று நம் வீட்டுக்கு, நம் பங்குக்கு, நம் ஊருக்கு ஒருவர் பெயர் வைத்தால் எந்தப் பெயரை வைப்பார்? நல்லதண்ணி என்றா, உப்புத்தண்ணி என்றா?

சிந்திக்க:

1. எதிர்க்காற்றால் ஒரு நற்செயல் தடைப்பட்டபோது நான் அதை விட்டுவிட்டேனா? அல்லது சவேரியாரைப் போல வேறு வழியில் நடக்கத் தொடங்கினேனா?

2. என் மனத்தை நோகச் செய்த ஒருவர் இன்று தேவையில் இருக்கிறாரா? அவருக்கு நான் முதலில் அனுப்ப வேண்டிய ‘தண்ணீர்’ எது?

3. நம் பகுதியிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வாழும் குடும்பங்களை நம் பங்கு அறிந்திருக்கிறதா? இந்த மாதம் அவர்களைச் சென்று சந்திக்க முடியுமா?